எட்டிப் பார்த்ததில் மறைந்த 43 செய்திகள்

இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஆர்டர்கள் வந்து விழும் கியூவில், அதாவது பெறும் நிரல் எடுத்துக்கொள்ளும்வரை செய்திகள் காத்திருக்கும் வரிசையில், 43 செய்திகள் நின்றிருந்தன. அவற்றை எடுத்துச் செல்ல வேண்டிய நிரலைப் பழுதுபார்ப்பதற்காக நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம்; அதனால் தேங்கியதில் வியப்பில்லை. அந்த 43-இல் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது, அதுதான் நிரலைக் கவிழ்க்கிறது என்று எங்களுக்குச் சந்தேகம். எது என்று பார்க்கலாமே என, அந்தக் கியூவை நடத்தும் மென்பொருளான ரேபிட்எம்கியூவின் வலைத்திரையைத் திறந்தேன். கியூவின் பெயரைச் சொடுக்கினேன். கீழே 'கெட் மெசேஜஸ்' என்ற பகுதி. எண்ணிக்கைப் பெட்டியில் 100 என்று அடித்தேன். அருகில் 'ஆக் மோட்' (ஒப்புகை முறை) என்று ஒரு பட்டியல். அதில் 'ஆட்டோமேட்டிக் ஆக்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 'தானியங்கி' என்று எழுதியிருப்பது தப்பாகவா இருக்கப்போகிறது என்ற நினைப்பு. பொத்தானை அழுத்தினேன்.

43 செய்திகளும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்தன. கோணலானது பதினேழாவதாக இருந்தது: விலை இருக்க வேண்டிய இடம் காலி. கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷியோடு பக்கத்தின் மேலே போனால், கியூவில் நிற்கும் செய்திகள்: 0.

அந்தப் பகுதியின் தலைப்புக்குக் கீழேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது: கியூவிலிருந்து செய்தியை எடுப்பது அழிக்கும் செயல். அதே பக்கத்தை எத்தனையோ முறை திறந்திருக்கிறேன். அந்த வரியை அன்று இரவுதான் முதன்முதலாகப் படித்தேன்.

தரவுத்தளத்தோடு பழகிய கை எனக்கு. அங்கே அட்டவணையில் எத்தனை முறை தேடினாலும் வரிசைகள் வைத்த இடத்தில் இருக்கும். கியூவில் வெறுமனே பார்ப்பது என்று ஒன்று கிடையாது. ஒரு செய்தியைப் பார்க்க வேண்டுமென்றால் புரோக்கர், அதாவது கியூவை நடத்தும் ரேபிட்எம்கியூ சர்வர், அதை உங்களிடம் விநியோகிக்க வேண்டும். விநியோகித்ததற்கு நீங்கள் ஒப்புகை தர வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும். 'ஆட்டோமேட்டிக் ஆக்' என்றால் கையில் கொடுத்த நொடியிலேயே ஒப்புகை கிடைத்ததாகக் கணக்கு. புரோக்கர் தன் பிரதியை அழித்துவிடும். அந்தப் பட்டியலில் முதலில் இருக்கும் 'நாக் மெசேஜ் ரீகியூ ட்ரூ' (ஏற்காமல் கியூவுக்கே திருப்பு) என்பதை நான் தொடாமல் விட்டிருந்தால், செய்திகள் பார்வைக்கு வந்துவிட்டுத் திரும்பக் கியூவுக்குப் போயிருக்கும். அதுவும் முற்றிலும் தடம் பதிக்காத செயல் அன்று. திரும்பிப் போன செய்தியில் 'ரீடெலிவர்ட்' என்ற கொடி ஏறிவிடும். பல சர்வர்களில் பிரதி வைக்கும் குவோரம் வகைக் கியூவாக இருந்தால் ஒரு செய்தி எத்தனை முறை திரும்பி வந்தது என்ற கணக்கும் கூடும், ரேபிட்எம்கியூ 4.0 முதல் அதற்கு இயல்பான வரம்பு 20. அதைத் தாண்டினால் செய்தி ஒதுக்கப்படும், அல்லது ஒதுக்கிய செய்திகளுக்கென்று தனிக் கியூ ஏதும் அமைக்கவில்லையென்றால் தூக்கி எறியப்படும். ஆக, குழுவில் நாலைந்து பேர் மாறி மாறி ஒரே செய்தியை 'சும்மா பார்த்தே' காலி செய்துவிடலாம்.

அந்த 43 செய்திகளுக்கும் அப்போது உலகத்திலிருந்த ஒரே பிரதி என் உலாவியின் அந்த ஒரு தாவல்தான். சுட்டியைத் தொடவே பயமாக இருந்தது. பக்கத்தை அப்படியே கோப்பாகச் சேமித்தேன். பிறகு இன்னொரு பெயரில் மறுபடியும் சேமித்தேன். அதன் பிறகுதான் குழுவின் மூத்தவரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.

"தாவலை மூடிவிட்டீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை சார்."

"அப்படியானால் பாதி பிழைத்தோம். மூடாதீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் எத்தனை பைட் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள்."

ஏன் அதைப் பார்க்கச் சொன்னார் என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்தது. அந்த வலைத்திரை பெரிய செய்திகளை 50,000 பைட்டோடு வெட்டிக் காட்டும். 43-இல் இரண்டு செய்திகள் அதைவிடப் பெரியவை. ஒன்றின் தலைப்பில் 61 ஆயிரத்துச் சொச்சம் பைட் என்று இருந்தது, உடலோ ஒரு முகவரியின் நடுவில் அறுந்து நின்றது. ஆக, மீட்கக்கூடியவை 41. அவற்றைத் திரும்ப அனுப்பலாம் என்று, அதே பக்கத்தில் இருக்கும் 'பப்ளிஷ் மெசேஜ்' பெட்டியில் முதல் செய்தியின் உடலை ஒட்டி அனுப்பினேன். பெறும் நிரல் மறுத்துவிட்டது. உடலை மட்டும் ஒட்டியிருந்தேன். செய்தி எண், உள்ளடக்க வகை, தலைப்பு வரிகள் எல்லாம் செய்தியின் உடலுக்கு வெளியே தனியாக இருப்பவை. கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்ட கதை. பிறகு சேமித்த கோப்பிலிருந்து உறையையும் கடிதத்தையும் சேர்த்தே பிரித்தெடுக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். வேலை முடிந்தபோது மணி இரண்டேகால். வெட்டுப்பட்ட இரண்டையும் மறுநாள் காலை அனுப்புநரிடமே மறுபடியும் கேட்டு வாங்கினோம்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வலை வழியாகக் கியூவைக் கையாண்ட அந்த ஒன்றரை ஆண்டில் நான் செய்த தவறுகளை இன்று வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாமே ஒரே குழப்பத்தின் பிள்ளைகள். செய்தி 'போய்ச் சேர்ந்தது' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? வலையின் கேள்வி-பதில் மொழியான எச்டிடிபியைக் கேட்டால், பதில் வந்துவிட்டதா, கதை முடிந்தது என்று சொல்லும். கியூவைக் கேட்டால், பெறுநர் ஒப்புகை தரும்வரை எதுவும் முடியவில்லை என்று சொல்லும். இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் எங்கள் செய்திகள் விழுந்தன.

ஏன் வலை வழியாகப் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஆர்டர்களை அனுப்பும் தரப்பின் ஃபயர்வால் வெளியே போக 443-ஆம் போர்ட்டை, அதாவது பாதுகாப்பான வலைப் போக்குவரத்தின் வாசலை, மட்டுமே அனுமதித்தது. கியூவின் சொந்த மொழியான ஏஎம்கியூபி பேசுவது 5672-இல், குறியாக்கத்தோடு என்றால் 5671-இல். போர்ட் திறக்கச் சொல்லிக் கேட்டோம், பதிலே வரவில்லை. தவிர, அவர்களுடைய மென்பொருளுக்கு எச்டிடிபியும், ஜேசன் என்ற தரவு எழுதும் வடிவமும் தவிர வேறு மொழி தெரியாது. ரேபிட்எம்கியூவின் மேலாண்மைச் செருகுநிரலோ 15672-இல் அழகான ஓர் எச்டிடிபி ஏபிஐயை (பிற நிரல்கள் அழைப்பதற்கான வாசலை) கையிலேயே வைத்திருக்கிறது: அனுப்ப ஒரு முகவரி, எடுக்க ஒரு முகவரி. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை நிறுத்தி 443-இலிருந்து அங்கே திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டோம். ஒரு பிற்பகலில் ஓடவும் வைத்துவிட்டோம். அதுதான் தொல்லையே. ஒரு பிற்பகலில் ஓடியது என்பதாலேயே அதைத் தீர்வு என்று நம்பிவிட்டோம்.

அந்த ஏபிஐயின் ஆவணத்திலேயே இரண்டு இடங்களில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அனுப்பும் முகவரிக்குக் கீழே, அதிக வேகத்துக்கு இது உகந்ததன்று என்று. எடுக்கும் முகவரிக்குக் கீழே, இது நோயறிதலுக்கானது, நம்பகமான விநியோகம் இதில் இல்லை, நிர்வாகியின் கருவியாகவே கொள்ளுங்கள் என்று. படித்தோம். 'நம் அளவு சிறியதுதானே' என்று சொல்லிக்கொண்டோம். அளவைப் பற்றிப் பேசியது முதல் எச்சரிக்கை மட்டும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் நாள் முதல் தொல்லை, சாய்கோடு. ரேபிட்எம்கியூவில் கியூக்களைத் தனித்தனிப் பிரிவாக வைக்கும் அமைப்புக்கு மெய்நிகர் ஹோஸ்ட் என்று பெயர். இயல்பாக இருக்கும் மெய்நிகர் ஹோஸ்டின் பெயரே ஒற்றைச் சாய்கோடுதான். அது முகவரிப் பாதையில் வரும்போது சாய்கோடாக எழுத முடியாது. சதவீதக் குறி, 2, எஃப் என்று குறிமாற்றி எழுத வேண்டும். சரியாகத்தான் எழுதியிருந்தோம். உள்ளிருந்து கர்ல் என்ற கட்டளைக் கருவி கொண்டு சோதித்தால் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வந்தால் 404, அப்படி ஒரு முகவரியே இல்லை என்ற பதில். அரை நாள் இரண்டு பக்கத்துப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் நாங்கள் கொடுத்திருந்த பின்முனை முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தது. அப்படி இருந்தால் அது வந்த பாதையைப் பிரித்துப் படித்து, குறிமாற்றத்தை நீக்கிச் சீராக்கித்தான் பின்னால் அனுப்பும். அந்த ஒற்றை எழுத்தை அழித்ததும் பாதை வந்தது வந்தபடியே போனது. இப்போது நான் புதிதாக எது அமைத்தாலும் முதல் வேலையாகப் பெயருள்ள ஒரு மெய்நிகர் ஹோஸ்டை உருவாக்கிவிடுகிறேன். சாய்கோட்டோடு சண்டை போட எனக்கு இனி ஆயுள் இல்லை.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. அனுப்பும் முகவரிக்கு ஒரு செய்தியைப் போட்டால் 200 என்ற பதில் வரும். அனுப்புநர் தரப்பில் 200 என்றால் வெற்றி என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஆனால் அந்தப் பதிலின் உடலில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'ரூட்டட்' என்று ஒரு சொல், எதிரே 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்'. செய்தி ஏதேனும் ஒரு கியூவிலாவது போய் விழுந்ததா என்பதைச் சொல்வது அதுதான். 200 சொல்வதெல்லாம், 'நீ பேசியது என் காதில் விழுந்தது' என்பது மட்டுமே.

ஒருமுறை நான் ஒரு கியூவை அழித்துவிட்டு வேறு அமைப்போடு அதே பெயரில் மறுபடியும் உருவாக்கினேன். கியூவை அழிக்கும்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து, அதாவது வரும் செய்தியை உரிய கியூவுக்குப் பிரித்து அனுப்பும் இடத்திலிருந்து, அதற்கு வந்த இணைப்பும் சேர்ந்தே போய்விடும். அதைத் திரும்பக் கட்ட மறந்துவிட்டேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு செய்திக்கும் எக்ஸ்சேஞ்ச் பணிவாக 200 என்று பதில் சொல்லி, செய்தியைக் காற்றில் விட்டது. இரண்டு நாள். எந்த எச்சரிக்கையும் அடிக்கவில்லை. கியூ காலியாக இருந்ததால் கண்காணிப்புத் திரை பச்சைப் பசேலென்று இருந்தது. ஆர்டர்கள் ஏன் குறைந்திருக்கின்றன என்று ஒருவர் தற்செயலாகக் கேட்டதால் வெளிப்பட்டது. அவர்களுடைய பதிவேட்டில் பதிலின் உடலையும் சேமித்திருந்தார்கள் என்பது எங்கள் நல்வினை. அதில் 'ரூட்டட்: ஃபால்ஸ்' என்று பக்கம் பக்கமாக இருந்தது. யாருமே படிக்காத ஒப்புதல் வாக்குமூலம்.

இதற்குப் பிறகு இரண்டு வேலைகள் செய்தோம். பதிலின் உடலைப் பார்க்காமல் வெற்றி என்று எழுதக் கூடாது என்று அனுப்புநருடன் உடன்பட்டோம். எக்ஸ்சேஞ்சுக்கு மாற்று எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அமைத்து, வழி தெரியாத செய்திகள் எல்லாம் ஒரு 'அநாதைக் கியூ'வில் போய் விழும்படி செய்தோம். அந்தக் கியூவில் ஒன்று விழுந்தாலும் எச்சரிக்கை அடிக்கும். கியூ நிரம்பினால் எச்சரிப்பது எல்லோரும் செய்வது. வழக்கமாகச் செய்தி வரும் நேரத்தில் ஒன்றுமே வரவில்லை என்றாலும் எச்சரிக்க வேண்டும் என்பதையும் அந்த வாரம்தான் சேர்த்தோம்.

நிலைத்திருக்கும் தன்மை பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. கியூவை 'டியூரபிள்' (நிலைத்திருப்பது) என்று உருவாக்கியிருந்தோம். சர்வரை மறுதொடக்கம் செய்தபோது கியூ இருந்தது, உள்ளே இருந்தவை இல்லை. பாத்திரம் உடையாதது என்றால் பால் சிந்தாது என்று பொருளாகாது. பழைய கிளாசிக் வகைக் கியூவில் ஒவ்வொரு செய்திக்கும் 'டெலிவரி மோட்' 2, அதாவது நிலைத்திருக்க வேண்டிய செய்தி, என்று தனியாகக் குறிக்க வேண்டும். நாங்கள் அனுப்பிய ஜேசனில் பண்புகள் என்ற இடம் வெறும் அடைப்புக்குறிகளாகவே இருந்தது.

எழுத்துக் குறியாக்கத்தில் வேறொரு பாடம். செய்தியின் உடலை நேராக எழுத்தாகவும் அனுப்பலாம், எந்தப் பைட்டையும் சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றி எழுதும் பேஸ்64 ஆகவும் அனுப்பலாம். எது என்று கூடவே சொல்ல வேண்டும். எழுத்து என்று சொன்னால் அது, எல்லா மொழி எழுத்துக்கும் இன்று பொதுவாக உள்ள குறியாக்கமான யூடிஎஃப்-8 ஆக, முறையாக இருக்க வேண்டும். எடுக்கும்போது 'ஆட்டோ' என்று கேட்டால், முறையான யூடிஎஃப்-8 ஆக இருப்பதை எழுத்தாகவும், இல்லாததை பேஸ்64 ஆகவும் தரும். இதில் ஒளிந்திருக்கும் வம்பு என்னவென்றால், ஒரே அழைப்பில் வரும் பத்துச் செய்திகளில் ஒன்பது எழுத்தாகவும் ஒன்று பேஸ்64 ஆகவும் இருக்கலாம். எங்கள் நிரல் எல்லாமே எழுத்து என்று வைத்துக்கொண்டது. பழைய குறியாக்கத்தில் யாரோ ஒரு பெயரை அனுப்ப, அந்தச் செய்தி மட்டும் பேஸ்64 வேடத்தில் வந்து, ஜேசனாகப் படிக்க முடியாமல் நிரல் விழுந்தது. விழுந்ததும் திருப்பிப் போட்டது. திரும்பவும் அதே செய்தி முதலில் வந்தது. திரும்பவும் விழுந்தது. இப்போது எந்தச் செய்தியானாலும் அதனுடன் வரும் குறியாக்கப் புலத்தைப் பார்த்த பிறகே தொடுகிறோம். எல்லாவற்றையும் பேஸ்64 ஆகவே கேட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். செய்யலாம், தவறில்லை, மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடும், பதிவேட்டைக் கண்ணால் படிக்க முடியாது. நடுராத்திரியில் பதிவேட்டைக் கண்ணால் படிக்க வேண்டியவன் நான் என்பதால் மறுத்துவிட்டேன்.

இனி, பிடிவாதமான சங்கடம்: இரட்டிப்பு. அனுப்புநர் பத்து விநாடி காத்திருப்பார். பதில் வரவில்லையென்றால் மறுபடியும் அனுப்புவார். பத்தாவது விநாடியில் அறுந்தது போகும் வழியிலா, திரும்பும் வழியிலா என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. செய்தி கியூவில் விழுந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால் இரண்டாவது முறை அனுப்பியது இன்னொரு ஆர்டர். இதை அனுப்பும் பக்கத்தில் தீர்க்க முடியாது. மறுபடியும் அனுப்பாதீர்கள் என்று சொன்னால் இழப்பு, அனுப்புங்கள் என்றால் இரட்டிப்பு. இழப்பைவிட இரட்டிப்பு மேல் என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புநரே ஓர் எண் தர வேண்டும், மறுமுறை அனுப்பும்போது அதே எண்தான் வர வேண்டும் என்று கேட்டோம். முதல் வாரம் ஒவ்வொரு முயற்சிக்கும் புதுப்புது எண் வந்தது. அவர்களுடைய நிரல் எண்ணை உருவாக்கும் வரியை மறுமுயற்சிச் சுழலுக்கு உள்ளேயே வைத்திருந்தது. அந்த வரியைச் சுழலுக்கு வெளியே தூக்கி வைத்த பிறகுதான் ஒரே எண் மறுபடியும் வந்தால் ஒதுக்கும் எங்கள் இரட்டிப்புச் சல்லடைக்கு வேலையே வந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் மேலாண்மை ஏபிஐயை விட்டோம். நிர்வாகத் திரையின் கதவை வெளியாருக்குத் திறந்து வைத்ததே முதலில் தவறு. எவ்வளவு குறைந்த அனுமதி கொடுத்த பயனராக இருந்தாலும் அது செய்திப் போக்குவரத்துக்கான வாசல் இல்லை. இடையில் ஒரு சிறிய பாலத்தை நாங்களே எழுதினோம். வெளியே எச்டிடிபி, உள்ளே ஏஎம்கியூபி. அனுப்பும் பக்கம் எளிதாக இருந்தது: பாலம் செய்தியைப் 'பப்ளிஷர் கன்ஃபர்ம்' முறையில் புரோக்கரிடம் கொடுக்கும், புரோக்கர் உறுதி சொன்ன பிறகே வெளியே வெற்றி என்று பதில் போகும். இங்கேயும் ஒரு குழி உண்டு. வழியில்லாத செய்திக்கும் புரோக்கர் உறுதி சொல்லும். 'மேண்டடரி' என்ற கொடியையும் ஏற்றினால்தான், வழி இல்லாத செய்தியை உறுதிக்கு முன்னால் திருப்பி அனுப்பும். 'ரூட்டட்: ஃபால்ஸ்' பட்ட சூடு இருந்ததால் இந்த முறை ஏமாறவில்லை.

பெறும் பக்கம்தான் எங்களை ஒரு மாதம் உட்கார வைத்தது. முதல் வடிவில், வெளியாள் (வலை வழியாகச் செய்தியை எடுப்பவர்) கேட்டதும் பாலம் கியூவிலிருந்து எடுத்து, ஒப்புகை கொடுத்துவிட்டு, பதிலில் அனுப்பும். பதில் வழியில் தொலைந்தால் செய்தியும் தொலையும். என் 'ஆட்டோமேட்டிக் ஆக்' பிழையை அழகான நிரலாக எழுதியது போல. இரண்டாவது வடிவில், ஒப்புகை கொடுக்காமல் வைத்திருந்து, வெளியாள் மறுபடியும் வந்து 'முடித்துவிட்டேன்' என்று சொன்னால் ஒப்புகை. இது சரியான எண்ணம். ஆனால் சோதனையில் பாதி அழைப்புகள் பிழையோடு விழுந்தன. ஏஎம்கியூபியில் விநியோக எண் என்பது அது வந்த சேனலுக்கு, அதாவது இணைப்பின் உள்ளே ஓடும் தனித்தடத்துக்கு, மட்டுமே சொந்தம். எங்கள் பாலம் இரண்டு பிரதிகளாக ஓடியது. எடுக்கும் அழைப்பு முதல் பிரதிக்கும், முடித்தேன் என்ற அழைப்பு இரண்டாவது பிரதிக்கும் போனால், தனக்குத் தெரியாத எண்ணைக் கேட்டுப் புரோக்கர் 406 என்று சொல்லிச் சேனலையே மூடிவிடும். ஒரே பிரதி ஓடினாலும், ஒப்புகை இல்லாமல் செய்தியைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. இயல்பான வரம்பு 30 நிமிடம், அதற்கு மேல் போனால் அப்போதும் சேனல் மூடும்.

இந்த இடத்தில் அமேசானின் எஸ்கியூஎஸ்ஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். அது தொடக்கத்திலிருந்தே வலை வழியாகப் பேசுவதற்கென்று கட்டிய கியூ. செய்தியைக் கேட்டால் தரும், கூடவே ஒரு ரசீது தரும், அந்தச் செய்தியை இயல்பாக 30 விநாடிக்கு மற்றவர் கண்ணிலிருந்து மறைத்து வைக்கும். வேலை முடிந்ததும் ரசீதைக் காட்டி அழிக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நேரம் முடிந்ததும் செய்தி மறுபடியும் தலைகாட்டும். இணைப்பு அறுவது பற்றிக் கவலையே இல்லை, ஏனென்றால் எதுவுமே இணைப்பில் கட்டப்படவில்லை. அதே யோசனையை நாங்கள் ஒரு தரவுத்தள அட்டவணையால் செய்தோம். பாலம் கியூவிலிருந்து எடுத்து அட்டவணையில் எழுதி உறுதிசெய்த பிறகே புரோக்கருக்கு ஒப்புகை தரும். வெளியாள் கேட்கும்போது அட்டவணையிலிருந்து ஒன்றை எடுத்து, 60 விநாடிக் குத்தகை போட்டு, ஒரு ரசீது எண்ணோடு கொடுக்கும். ரசீதோடு திரும்பி வந்தால் வரிசை நீங்கும். காலாவதியான ரசீதோடு வந்தால் 410, அதாவது இனி இல்லை என்ற பதில். அப்படியானால் அட்டவணையே ஒரு கியூ ஆகிவிட்டதே, ரேபிட்எம்கியூ எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மூத்தவரும் கேட்டார். உள்ளே வேறு ஆறு நிரல்கள் அதே எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன என்பது என் பதில். அவர் ஏற்றுக்கொண்டார், முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

வேறொரு வேலையில் ஐபிஎம் எம்கியூவின் எச்டிடிபி வாசலையும் பயன்படுத்தியிருக்கிறேன். 1993-இல் எம்கியூசீரிஸ் என்ற பெயரில் வந்த பழம்பெரும் கியூ அது. அதன் வலைச் சர்வர் 9443-இல் நிற்கும். நிறுவியவுடன் உள்ளூர்க் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும், வெளியே திறக்கத் தனியாக அமைக்க வேண்டும். செய்தி போட போஸ்ட், எடுக்க டெலீட், எடுக்காமல் பார்க்க கெட். இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது: எடுப்பது அழிப்பது என்று வினைச்சொல்லிலேயே எழுதியிருக்கிறது. அந்த 43-க்குப் பிறகு எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒரு சின்ன முரண் மட்டும் சொல்ல வேண்டும். எச்டிடிபி விதிப்படி டெலீட்டை எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் அடுத்த செய்தி போய்விடும். ஆகவே, தோல்வியுற்ற டெலீட்டைத் தானாக மறுமுறை முயலும் நூலகங்களை இந்த வாசலில் விடாதீர்கள். முதல் முயற்சியின் பதில் தொலைந்திருந்தால், நீங்கள் பெறுவது இரண்டாவது செய்தி. முதலாவது யாரிடமும் இல்லை.

அங்கே நான் பட்டது சிறியதுதான். போஸ்ட்டும் டெலீட்டும், போலிக் கோரிக்கைகளைத் தடுப்பதற்கான சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற தலைப்பு வரி இல்லாமல் போகாது. மதிப்பு காலியாக இருந்தாலும் போதும், வரி இருக்க வேண்டும். காலியாக ஒரு வரியை எதற்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்து எடுத்துவிட்டேன், எல்லாம் மறுக்கப்பட்டன. செய்தி வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அளவுருவில் 30 என்று போட்டுவிட்டு அரை நிமிடம் காத்திருக்கும் என்று நம்பினேன். அதன் அலகு மில்லிவிநாடி. கியூ காலி என்று பொருள்படும் 204 மழைபோலக் கொட்டியது.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து, கியூவில் நிற்கும் செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும், வலைத்திரைக்கு அனுமதி தருவீர்களா என்று கேட்டார். பாலத்தின் அட்டவணையில் தேடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். "அந்தத் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறதாமே, அதை அழுத்தினால் போதுமாமே?" என்றார். "இருக்கிறது. அழுத்திப் பாருங்கள்" என்று என் கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அழுத்தினார். அணுகல் மறுக்கப்பட்டது என்று சிவப்பாக வந்தது. அந்த மெய்நிகர் ஹோஸ்டில் என் கணக்கின் வாசிப்பு அனுமதியை, எந்தப் பெயரோடும் பொருந்தாத வெற்று வடிவமாக, நானே மாற்றி வைத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.